முதிர்ந்த ஷாத்தோநெஃப்-து-பாப்: வாங்கி வைப்பதும் திறந்து சுவைப்பதும்

பிரான்ஸின் கனமான சிவப்பு ஒயின் ஒன்றை ஆண்டுக்கணக்கில் வைத்திருந்து, பதம் வந்த பிறகு குடித்துப் பார்க்க ஆசைப்படுகிறவர்களுக்கு நான் முதலில் சொல்லும் பெயர் ஷாத்தோநெஃப்-து-பாப். பிரான்ஸின் புகழ்பெற்ற இன்னொரு ஒயின் பகுதியான போர்தோ இருக்க ஏன் இது என்று கேட்பார்கள். பெரிய போர்தோ ஒயின்கள் பல, பதினைந்து இருபது வருடம் ஆனாலும் துவர்ப்பு அடங்காமல் நிற்கும். புதிதாகப் பழகுகிறவருக்கு அது பொறுமையைச் சோதிக்கிற வேலை. ஷாத்தோநெஃப் இளமையிலும் குடிக்க இனிமையாக இருக்கும், பத்து வருடத்தில் முதிர்ச்சியின் வாசனைகளைக் காட்டத் தொடங்கும், திராட்சை நன்றாக விளைந்த ஆண்டு என்றால் இருபதைத் தாண்டியும் நிற்கும். மாற்றத்தைக் கண்கூடாகப் பார்க்க இதைவிட நல்ல பள்ளிக்கூடம் எனக்குத் தெரியாது.

ஊர் தெற்கு பிரான்ஸில், ரோன் ஆற்றுக்குக் கிழக்கே, ஒராஞ்ஜ் நகருக்கும் அவிஞோன் நகருக்கும் நடுவில் இருக்கிறது. 14ஆம் நூற்றாண்டில் போப்பாண்டவர்கள் ரோமை விட்டு அவிஞோனில் இருந்தபோது, இருபத்திரண்டாம் யோவான் இங்கே ஒரு கோட்டை கட்டினார். ஊரின் பெயர் அதிலிருந்து வந்தது. 1923இல் ஷாத்தோ ஃபோர்தியாவின் உரிமையாளர் பாரன் லெ ருவா தலைமையில் விவசாயிகள் கூடித் தங்கள் ஒயினுக்கு விதிகள் வகுத்தார்கள். லாவெண்டரும் தைமும் சேர்ந்து முளைக்கிற வறண்ட நிலத்தில்தான் கொடி நட வேண்டும் என்பது அதில் ஒன்று. எந்த ஊர்ப் பெயரை எந்த ஒயினுக்குப் போடலாம் என்று வரையறுத்து பிரான்ஸ் முழுவதற்கும் வந்த தோற்றப்பெயர்ச் சட்டத்துக்கு இந்த விதிகள் முன்மாதிரியாக அமைந்தன. 1936இல் அந்த அங்கீகாரத்தை முதலில் பெற்ற ஊர்களில் இதுவும் ஒன்று. ஆல்கஹால் குறைந்தது 12.5 சதவீதம் இருக்க வேண்டும் என்பது விதி. இன்றைய பாட்டில்களில் 14.5, 15 என்றுதான் பெரும்பாலும் பார்ப்பீர்கள்.

பதின்மூன்று திராட்சை வகைகளுக்கு அனுமதி உண்டு என்றாலும், சிவப்பு ஒயினின் முதுகெலும்பு கிரெனாஷ். அதோடு சிராவும் மூர்வெத்ரும் சேரும். இந்த மூன்றையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும். கிரெனாஷ் இனிமையும் சூடும் தரும், ஆனால் காற்று பட்டால் சீக்கிரம் களைத்துவிடும். மூர்வெத்ர் அதற்கு நேர்மாறு. இறுக்கமானது, மெதுவாக முதிர்வது. எனவே ஒரு பாட்டில் எத்தனை வருடம் தாங்கும் என்பதில் இந்தக் கலவைக்கும் பங்கு உண்டு.

எதை வாங்குவது, எத்தனை வாங்குவது

பலரும் செய்வது, நல்ல பெயர் பெற்ற ஒரு பாட்டிலை வாங்கி, விசேஷ நாளுக்கென்று எடுத்து வைப்பது. இதில் எனக்கு உடன்பாடு இல்லை. ஒரே பாட்டில் இருந்தால், அதைத் திறக்கும் நாள் சரியான நாளா என்று ஒருபோதும் தெரிந்துகொள்ள முடியாது. ஒரே தோட்டத்தின், ஒரே ஆண்டின் ஒயினை ஆறு பாட்டில் வாங்குங்கள். விலை கூடுதலாகத் தெரிந்தால் தோட்டத்தின் பெயரில் ஒரு படி இறங்குங்கள், எண்ணிக்கையில் இறங்காதீர்கள். முதலாவதை வாங்கியதுமே திறந்து, குறிப்பு எழுதி வையுங்கள். அடுத்ததை இரண்டு வருடம் கழித்து. அப்படியே இடைவெளி விட்டுப் போனால், அந்த ஒயின் எப்போது பூக்கிறது, எப்போது மூடிக்கொள்கிறது, எப்போது இறங்கத் தொடங்குகிறது என்று உங்கள் நாக்கே சொல்லும். மதிப்பெண் போடும் விமர்சகர் யாரும் இதைக் கற்றுத் தர முடியாது.

தோட்டங்களைப் பொறுத்தவரை பாணிகளில் நிறைய வேறுபாடு உண்டு. ஷாத்தோ த போகாஸ்தெல் பதின்மூன்று வகைகளையும் வளர்க்கிறது, மூர்வெத்ரை வழக்கத்தைவிடக் கூடுதலாகச் சேர்க்கிறது. அதனால் நீண்ட காலம் தாங்கும். வியூ தெலெகிராஃப் தோட்டம் லா க்ரோ என்ற மேட்டில் இருக்கிறது. தரை முழுக்க உருண்டைக் கற்கள், பகல் வெயிலை வாங்கி வைத்து இரவில் விடுபவை. ஷாத்தோ ராயாஸ் மணல் நிலத்தில் கிரெனாஷை மட்டும் வைத்துச் செய்யப்படுவது. நிறம் வெளுப்பாக, மணம் அபாரமாக, விலை பெரும்பாலோருக்கு எட்டாததாக இருக்கும். பழகுவதற்கு அது வேண்டாம்.

ஷாத்தோநெஃபே கையைக் கடித்தால் பக்கத்து ஊர்களான ஜிகொந்தாஸ், வகேராஸ் இரண்டையும் பாருங்கள். கிரெனாஷை அடிப்படையாகக் கொண்டவைதான், விலை குறைவு. நல்ல ஜிகொந்தாஸ் பத்து வருடத்தைச் சுலபமாகத் தாண்டும்.

ஆண்டு விஷயத்தில் சுருக்கமாகச் சொல்கிறேன். 2005 இறுக்கமான கட்டமைப்பு கொண்டது. 2007 பழச்சுவை பொங்கி வழிந்த ஆண்டு. 2010இல் பழமும் கட்டமைப்பும் சேர்ந்து அமைந்தன. 2007ஐவிட 2010 நீண்ட தூரம் போகும் என்பது என் கணிப்பு. 2016ஐப் புதிதாக அடுக்கி வைக்கத் தயங்காமல் வாங்கலாம். 2002 செப்டம்பரில் அந்தப் பகுதியே வெள்ளத்தில் மிதந்தது, அந்த ஆண்டைத் தொட வேண்டாம். 2003 கடும் வெப்ப அலை வந்த ஆண்டு, பாட்டிலுக்குப் பாட்டில் மாறும்.

ஏற்கெனவே முதிர்ந்த பாட்டிலைக் கடையிலோ ஏலத்திலோ வாங்குவதானால், ஆண்டைவிட முக்கியமான கேள்வி ஒன்று இருக்கிறது: இத்தனை நாள் இது எங்கே இருந்தது? விற்பவர் தெளிவாகப் பதில் சொல்லவில்லை என்றால் விட்டுவிடுங்கள். பாட்டிலை வெளிச்சத்தில் பிடித்து, கார்க்கின் அடிப்பகுதிக்கும் ஒயினுக்கும் இடையே எவ்வளவு இடைவெளி என்று பாருங்கள். பதினைந்து இருபது வருடப் பாட்டிலில் இரண்டு மூன்று சென்டிமீட்டர் இருப்பது இயல்பு. ஐந்தாறு என்றால் காற்று உள்ளே போயிருக்கிறது. மேல்மூடித் தகட்டின் ஓரத்தில் ஒயின் வழிந்து காய்ந்த பிசுக்கு இருந்தாலோ, கார்க் வெளியே தள்ளிக்கொண்டு நின்றாலோ, எப்போதோ சூடு பட்டிருக்கிறது என்று பொருள். லேபிளில் கொஞ்சம் பூஞ்சை இருந்தால் பயப்பட வேண்டாம். அது ஈரமான நிலவறையில் இருந்ததற்கு அடையாளம், நல்ல செய்திதான்.

எங்கே வைப்பது

12 முதல் 14 டிகிரி செல்சியஸ், ஏறத்தாழ 70 சதவீத ஈரப்பதம், இருட்டு, அதிர்வில்லாத இடம், கார்க் ஒயினில் நனைந்திருக்கும்படி படுக்கை வாட்டம். இவ்வளவுதான் விதி. இதில் எதை விட்டுக்கொடுக்கலாம், எதை விட்டுக்கொடுக்கவே கூடாது என்பதுதான் நடைமுறைக் கேள்வி.

விட்டுக்கொடுக்கக் கூடாதது வெப்பம். சூடு ஏற ஏற ஒயினுக்குள் நடக்கும் வேதிவினைகள் வேகமாகும், எல்லாம் ஒரே சீராக வேகமாகாது. அதனால் 25 டிகிரியில் வைத்த ஒயின் சீக்கிரம் முதிர்வதில்லை, சீக்கிரம் சோர்ந்துபோகிறது. 30ஐத் தாண்டி வாரக்கணக்கில் இருந்தால் பழச்சுவை வெந்து கூழாகிவிடும். ஏறி இறங்கும் வெப்பமும் கெடுதல். சூட்டில் ஒயின் விரிந்து கார்க்கைத் தள்ளும், குளிர்ந்ததும் சுருங்கிக் காற்றை உள்ளே இழுக்கும். நாள் முழுக்க மாறாத 16 டிகிரி, பகலில் 20 இரவில் 10 என்று ஆடும் இடத்தைவிட எவ்வளவோ மேல்.

பாரிஸிலோ லண்டனிலோ இருப்பவருக்குக் கட்டடத்தின் நிலவறை கிடைத்தால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. வாங்குவதற்கு முன் ஒரு வெப்பமானியை அங்கே வைத்து, கோடையில் எவ்வளவு ஏறுகிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். சுடுநீர்க் குழாய் ஓடும் சுவரை ஒட்டி அடுக்காதீர்கள். நிலவறை இல்லாதவர்கள் வாடகைக்கு ஒயின் பாதுகாக்கும் கிடங்குகளில் பெட்டியோடு விட்டுவிடலாம்.

சென்னை, கொழும்பு, சிங்கப்பூர் மாதிரியான ஊர்களில் அலமாரி, கட்டிலடி, படிக்கட்டடி எதுவுமே சரிப்படாது. ஒயின் வைப்பதற்கென்றே வரும் குளிர்பெட்டி வேண்டும். அதிலும் கம்ப்ரசர் வைத்ததாக இருக்கட்டும். தெர்மோஎலெக்ட்ரிக் வகை அறை வெப்பத்திலிருந்து ஓரளவுக்குத்தான் இறக்கும், வெளியே 35 இருக்கும்போது திணறும். மின்சாரம் போனால் கதவைத் திறக்காமல் விடுங்கள். நிறைந்த பெட்டி சில மணி நேரத்துக்குப் பெரிதாகச் சூடேறாது. வீட்டு ஃபிரிட்ஜ் ஆண்டுக்கணக்கில் வைக்க ஏற்றதல்ல, குளிர் அதிகம், காற்று வறண்டது, கார்க் காய்ந்துபோகும். ஆனால் சில மாதங்களுக்கு, வெயில் அடிக்கும் அறையைவிட ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டு நிச்சயம் மேல். வாங்கிய பாட்டிலைக் காரில் வெயிலில் விட்டுவிட்டு வேறு வேலைக்குப் போவதையும் தவிர்த்துவிடுங்கள். பதினைந்து வருடக் கவனத்தை ஒரு மதியம் வீணாக்கிவிடும்.

வெளிச்சமும் ஒயினைக் கெடுக்கும், ஆனால் பெட்டியிலேயே வைத்தால் அந்தக் கவலை இல்லை.

பதம் வரும் காலம்

பாட்டிலுக்குள் என்ன நடக்கிறது என்று தெரிந்தால் காத்திருப்பது சுலபமாகும். திராட்சைத் தோலிலிருந்தும் விதையிலிருந்தும் வந்த டேனின்களும் (துவர்ப்பைத் தரும் பொருள்கள்) நிறப்பொருள்களும் ஒன்றோடொன்று இணைந்து பெரிய மூலக்கூறுகளாகி, கொஞ்சம் கொஞ்சமாக வண்டலாகப் படியும். அதனால் நிறம் குறையும், துவர்ப்பு மென்மையாகும். பழ வாசனை பின்வாங்க, உலர்ந்த அத்தி, அதிமதுரம், பதப்படுத்திய தோல், புகையிலை, மழை பெய்த காட்டுச் சருகு என்று வேறு வாசனைகள் முன்னே வரும்.

இந்தப் பயணம் நேர்கோட்டில் போவதில்லை. ஷாத்தோநெஃபுக்கு முதல் நான்கைந்து வருடம் பழம் துள்ளும் பருவம். அப்புறம் பல ஒயின்கள் மூடிக்கொள்ளும்: மணமே எழாது, நாக்கில் ஆல்கஹாலும் துவர்ப்பும் மட்டும் தனித்துத் தெரியும். ஐந்து முதல் எட்டு வருடத்துக்குள் திறந்து இப்படி இருந்தால், ஒயின் கெட்டுவிட்டது என்று மீதியைத் தள்ளிவிடாதீர்கள். மூன்று வருடம் மறந்துவிடுங்கள். சாதாரணத் தரமான ஷாத்தோநெஃப் எட்டிலிருந்து பதினைந்து வருடத்துக்குள் நன்றாக இருக்கும். பெரிய தோட்டமும் நல்ல ஆண்டும் சேர்ந்தால் பன்னிரண்டிலிருந்து இருபத்தைந்து வரை. சந்தேகம் வந்தால் முன்னதாகவே திறங்கள். கொஞ்சம் இளமையான ஒயினில் மகிழ்ச்சி உண்டு, காலம் தப்பிய ஒயினில் இல்லை.

திறப்பதற்கு முன்

இரண்டு நாள் முன்பே பாட்டிலை எடுத்து நிமிர்த்தி வைத்துவிடுங்கள். பக்கவாட்டில் படிந்திருக்கும் வண்டல் அடிக்கு இறங்க அவ்வளவு நேரம் வேண்டும். இதைச் செய்யாமல் நேராகத் திறந்து ஊற்றினால் கடைசி மூன்று கிண்ணமும் கலங்கிப் போகும், கசக்கும்.

பரிமாறும் வெப்பம் 16 முதல் 18 டிகிரி. 'அறை வெப்பம்' என்று பழைய புத்தகங்களில் வருவது, வெந்நீர்க் குழாய்கள் வராத காலத்துக் குளிர்ந்த ஐரோப்பிய அறை. 15 சதவீத ஆல்கஹால் உள்ள ஒயினை 25 டிகிரியில் ஊற்றினால் மூக்கில் ஆவிதான் ஏறும், வேறொன்றும் தெரியாது. குளிர்பெட்டியிலிருந்து 13 டிகிரியில் எடுத்தால் அப்படியே ஊற்றலாம், கிண்ணத்தில் தானாக ஏறிக்கொள்ளும்.

பழைய கார்க் பொடிந்துபோகும் தன்மையுள்ளது. பதினைந்து வருடத்துக்கு மேற்பட்ட பாட்டிலுக்கு, இரண்டு மெல்லிய தகடுகளைக் கார்க்கின் இருபுறமும் செருகித் திருகி இழுக்கும் கருவியைப் பயன்படுத்துவது நல்லது. திருகாணி வகைதான் கையில் இருக்கிறது என்றால், நடுவில் நேராக இறக்கி, அவசரப்படாமல் இழுங்கள். உடைந்து உள்ளே விழுந்தாலும் ஒயினுக்கு ஒன்றும் ஆகாது, சுத்தமான மெல்லிய மஸ்லின் துணியில் வடிகட்டிக்கொள்ளலாம்.

திறந்ததும் ஒரு வாய் ஊற்றிச் சுவைத்துப் பாருங்கள். மேற்கொண்டு என்ன செய்வது என்பதை அந்த ஒரு வாய்தான் முடிவுசெய்ய வேண்டும். எட்டு, பத்து வருட ஒயின் இறுக்கமாக இருந்தால் டிகேன்டரில், அதாவது அடி அகன்ற கண்ணாடிக் குடுவையில், ஊற்றி ஒரு மணி நேரம் விடலாம். இருபது வருட ஒயினை மணிக்கணக்கில் காற்றில் விடுவது ஆபத்து. கிரெனாஷ் அதிகமுள்ள ஒயின் கண்ணெதிரே வாடிவிடும். அதற்கு வண்டலைப் பிரிப்பதற்காக மட்டும், குடிப்பதற்குச் சற்று முன் டிகேன்ட் செய்தால் போதும். பாட்டிலின் கழுத்துக்குக் கீழே மெழுகுவர்த்தியோ கைபேசி விளக்கோ வைத்து, ஒரே சீராக, நடுவில் நிறுத்தாமல் ஊற்றுங்கள். கழுத்தில் கருப்பாக ஒரு கோடு நகர்ந்து வருவது தெரிந்ததும் நிறுத்திவிடுங்கள். அடியில் தங்குவது இரண்டு விரல் அளவுதான்.

சுவைப்பது

அடி அகன்று வாய் குறுகிய பெரிய கிண்ணம் வேண்டும், மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஊற்றக் கூடாது. வாசனை திரண்டு நிற்க மேலே இடம் தேவை.

முதலில் பார்வை. ஒரு வெள்ளைத் தாளின்மேல் கிண்ணத்தைச் சாய்த்து, ஓரத்தில் நிறம் எப்படி முடிகிறது என்று பாருங்கள். இளம் ஒயினில் ஓரம் ஊதா கலந்து இருக்கும். முதிர முதிர செங்கல் நிறம், பிறகு ஆரஞ்சு. இங்கே ஒரு எச்சரிக்கை: கிரெனாஷ் இயல்பிலேயே வெளுத்த திராட்சை. பத்து வருட ஷாத்தோநெஃபின் ஓரம் ஆரஞ்சாக இருப்பதைப் பார்த்து, ஆயுள் முடிந்தது என்று முடிவு கட்டிவிடக் கூடாது. போர்தோ பழகியவர்கள் அடிக்கடி இதில் தடுமாறுவார்கள். மூர்வெத்ரும் சிராவும் கூடுதலாக இருந்தால் நிறம் அடர்த்தியாகவே நிற்கும்.

அடுத்தது மூக்கு. கிண்ணத்தைச் சுழற்றுவதற்கு முன் ஒரு முறை முகருங்கள், மிக மெல்லிய வாசனைகள் அப்போதுதான் கிடைக்கும். பிறகு சுழற்றி, ஆழமாக. வாசனைக்கு உடனே பெயர் வைக்க வேண்டும் என்று திணற வேண்டாம். மூன்று கேள்வி போதும்: பழம் இருக்கிறதா, அது புதியதா உலர்ந்ததா? மூலிகை அல்லது மசாலா வாசனை இருக்கிறதா? மண், தோல், காளான் போன்றவை வந்துவிட்டனவா? பழம் இன்னும் நின்று, மற்ற இரண்டும் அதோடு சேர்ந்து வந்தால் ஒயின் உச்சத்தில் இருக்கிறது. பழம் முற்றிலும் போய், சருகும் மண்ணும் மட்டும் மிஞ்சினால் இறங்கிவிட்டது. முதிர்ந்த ஷாத்தோநெஃபில் உலர்ந்த செர்ரி, அத்தி, அதிமதுரம், மிளகு இவற்றுக்கு நடுவே ஒரு காய்ந்த மூலிகை மணம் எழும். அந்த ஊர்க் குன்றுகளில் தைமும் ரோஸ்மேரியும் லாவெண்டரும் வெயிலில் காயும் மணம் அது. கரீக் என்பார்கள். ஒருமுறை பிடிபட்டுவிட்டால் கண்ணை மூடிக்கொண்டு இந்த ஒயினை அடையாளம் சொல்லலாம்.

பிறகு வாய். ஒரு சிறிய மிடறு எடுத்து, உதட்டைக் குவித்துக் கொஞ்சம் காற்றை உள்ளிழுத்து, வாய் முழுக்கப் பரவ விடுங்கள். முதலில் இனிமை தெரியும். சர்க்கரை ஏறக்குறைய இல்லை, பழுத்த பழமும் ஆல்கஹாலும் சேர்ந்து தரும் உணர்வு அது. புளிப்பைக் கன்னத்தின் ஓரங்களில் ஊறும் உமிழ்நீர் சொல்லும். ஷாத்தோநெஃபில் அது மிதமாகத்தான் இருக்கும். டேனினை ஈறு உணரும்: பாக்கு மென்ற பிறகு வரும் துவர்ப்பு போல, பரபரவென்று பிடிக்கிறதா, அல்லது வெல்வெட்டாக வழுக்குகிறதா என்று பாருங்கள். முதிர்ந்ததில் இரண்டாவதுதான் வேண்டும். ஆல்கஹாலின் சூடு தொண்டையில் தெரியும். நல்ல ஒயினில் அது தனியாகத் துருத்தி நிற்காது, மற்றவற்றோடு கரைந்துவிடும்.

விழுங்கிய பிறகோ துப்பிய பிறகோ, மணமும் சுவையும் எத்தனை நொடி நிற்கிறது என்று எண்ணுங்கள். பத்து நொடிக்குள் மறைந்தால் சாதாரணம். அரை நிமிடம் தாண்டி, மாறிக்கொண்டே நின்றால் பெரிய ஒயின். நிறைய ஒயின்களை ஒரே மாலையில் ஒப்பிடுவதானால் துப்பத் தயங்காதீர்கள். அதைத் தொழிலாகச் செய்கிறவர்கள் எல்லோரும் துப்பத்தான் செய்கிறார்கள். 750 மில்லி பாட்டிலை ஆளுக்கு 75 மில்லியாகப் பத்துப் பேர் பகிர்ந்துகொள்ளலாம், செலவும் பத்தில் ஒரு பங்காகும்.

அந்தக் கிண்ணத்தை உடனே காலி செய்ய வேண்டாம். இருபது நிமிடத்துக்கு ஒருமுறை திரும்ப முகருங்கள். முதிர்ந்த ஒயினின் உண்மையான இன்பம் இந்த மாற்றத்தில்தான் இருக்கிறது. முதலில் தோல் வாசனையாக இருந்தது, பிறகு ஸ்ட்ராபெரிக் குழம்பாக மாறி, கடைசியில் தேயிலையாக முடிவதும் உண்டு.

கெட்டதை அறிவது

ஈரமான அட்டை, மூடி வைத்த நனைந்த துணி வாசனை வந்தால் கார்க் நோய், காற்றுப் பட்டாலும் போகாது, கடையில் திருப்பிக் கேட்கலாம். அடிபட்ட ஆப்பிள் வாசனையும் தட்டையான சுவையும் காற்று புகுந்ததற்கு அடையாளம். வினிகர் நெடி கொஞ்சமாக இருந்தால் தெற்கு ரோனில் சகஜம், மூக்கைக் குத்தினால் கோளாறு. குதிரை லாயம், மருந்துப் பிளாஸ்திரி வாசனை பிரெட்டனோமைசிஸ் என்ற ஈஸ்ட்டின் வேலை. சிலர் லேசாக இருந்தால் ரசிப்பார்கள். பழத்தை மூடாத அளவு என்றால் எனக்கும் பிடிக்கும், மூடிவிட்டால் அது குறைதான். வெந்த உலர்திராட்சை வாசனை மட்டும் வந்தால் சூட்டில் வைக்கப்பட்ட பாட்டில், அதே பெட்டியின் மற்றவற்றையும் உடனே திறந்து பார்த்துவிடுவது நல்லது.

சாப்பாடும் மிச்சமும்

மெதுவாக வெந்த ஆட்டுக்கறி, வாத்து, காளான், முதிர்ந்த கடினச் சீஸ் இவற்றோடு நன்றாகப் போகும். மிளகாய்க் காரம் மட்டும் வேண்டாம். ஆல்கஹால் மிளகாயின் எரிச்சலைக் கூட்டும், காரம் நாக்கை மரத்துப்போகச் செய்து மெல்லிய வாசனைகளை மறைத்துவிடும். செட்டிநாட்டுக் கறியோடு குடிக்க வேண்டும் என்றால், இளமையான, விலை குறைந்த கோத் து ரோன் (அதே ரோன் பகுதியின் எளிய ஒயின்) ஒன்றைக் கொஞ்சம் குளிர்வித்து எடுத்துக்கொள்ளுங்கள். இருபது வருடம் காத்த பாட்டிலை அதற்குச் செலவழிக்க வேண்டாம்.

மிச்சம் இருந்தால் கார்க்கைத் திரும்ப அடைத்து ஃபிரிட்ஜில் வைத்து, மறுநாளே முடித்துவிடுங்கள். பத்து வருட ஒயின் மறுநாள் இன்னும் நன்றாகத் திறந்திருப்பதும் உண்டு. அப்படி இருந்தால் மீதிப் பாட்டில்களுக்கு இன்னும் வயது இருக்கிறது என்று குறித்துக்கொள்ளலாம். மறுநாள் வாடிப்போயிருந்தால் மீதியைச் சீக்கிரம் குடித்துவிட வேண்டும். ஒயின் பெயர், ஆண்டு, திறந்த தேதி, நிறம், மணம், மறுநாள் நிலை, அடுத்தது எப்போது என்ற ஒரு வரி. இதைப் பெட்டியின் மேலேயே எழுதி ஒட்டுங்கள், நோட்டில் எழுதினால் மூன்று வருடம் கழித்து நோட்டைத் தேடிக்கொண்டிருப்பீர்கள்.